பட்டாம்பூச்சி விளைவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் கொஞ்சம் நீளமான பதில்களும்

கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் என்று தெரிந்தால் போதும், கல்யாணப் பந்தியில்கூட யாராவது ஒருவர், எங்கோ சிறகடித்து எங்கோ புயலைக் கிளப்புவதாகச் சொல்லப்படும் இந்தப் பட்டாம்பூச்சியைப் பற்றிக் கேட்டுவிடுகிறார். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. 0.3 கணக்கு வரும் பதிலை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் பலமுறை அதைத் தேடி வர வேண்டியிருக்கும்.

பட்டாம்பூச்சி சிறகடித்தால் புயல் வருமா, வராதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

வராது. புயலுக்கு ஆற்றலைக் கொடுப்பது வெதுவெதுப்பான கடல். பூச்சியின் சிறகு அந்தக் கணக்கில் சேர்த்தியே இல்லை.

சொல்லப்பட்ட விஷயம் வேறு. அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பூமிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு பூச்சி ஒரு தடவை சிறகடிக்கிறது. மற்றதில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. முதல் சில நாட்கள் இரண்டிலும் ஒரே வானிலைதான். நாள் போகப் போக மேகங்கள் கொஞ்சம் இடம் மாறும், காற்றழுத்தத் தாழ்வு ஒன்று அரை நாள் தாமதமாக உருவாகும், பிறகு உருவாகாமலே போகும். சில வாரங்களில் இரண்டு பூமிகளின் வானிலைக்கும் ஒட்டு உறவு இருக்காது. ஒன்றில் நாகப்பட்டினத்தருகே புயல் கரையைக் கடக்கும் நாளில் மற்றதில் வெயில் காயலாம். புயல் வந்தது சிறகடித்த பூமியிலா, சும்மா இருந்த பூமியிலா? இரண்டுக்கும் சம வாய்ப்பு. இந்தப் பெயர் பிறந்த 1972 உரையிலேயே வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் இதைச் சொல்லிவிட்டார்: ஒரு சிறகடிப்பு சூறாவளியைக் கிளப்பும் என்றால், அதே அளவுக்கு ஒரு சூறாவளியைத் தடுக்கவும் செய்யும். மொத்தத்தில் சூறாவளிகள் கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. எது எப்போது என்ற வரிசைதான் கலையும்.

பூச்சிக்கு எவ்வளவு பலம் என்பது கேள்வியே இல்லை. நம் முன்கணிப்புக்கு எவ்வளவு ஆயுள் என்பதுதான் கேள்வி. கீழே வரும் பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் இதையேதான் சுற்றி வரும்.

இதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்?

1961. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லோரன்ஸ் வானிலை ஆய்வாளர். அவர் அறையில் எல்.ஜி.பி.-30 என்ற கணினி. ஒரு மேசை அளவு பெரியது, வெற்றிடக் குழாய்களில் ஓடுவது, சத்தம் பிடித்தது. அதில் 12 மாறிகள் கொண்ட ஒரு பொம்மை வானிலையை ஓட்டிக்கொண்டிருந்தார். நிஜ வானிலை இல்லை. வெறும் சமன்பாடுகள் எண்களைப் பெற்றுப் போட்டுக்கொண்டே போகும்.

ஒருநாள், முன்பு ஓடிய ஒரு பகுதியை மறுபடி பார்க்க ஆசைப்பட்டார். முதலிலிருந்து ஓட்டினால் நேரமாகும் என்று, பழைய தாளில் நடுவில் அச்சாகியிருந்த எண்களை எடுத்துத் தட்டச்சு செய்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அதற்குள் கணினி இரண்டு மாத வானிலையை ஓட்டி முடித்திருந்தது. பழைய தாளுக்கும் புதிய தாளுக்கும் தொடக்கம் மட்டும்தான் ஒத்துப்போனது.

குழாய் ஏதாவது பழுதாகியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம். இரண்டு தாள்களையும் வரி வரியாக ஒப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. கணினி உள்ளே 0.506127 என்று ஆறு இலக்கம் வைத்திருந்தது. தாளில் இடம் மிச்சம் பிடிக்க 0.506 என்று மூன்றே இலக்கம் அச்சிட்டது. அவர் தட்டியது அந்த மூன்று இலக்கத்தை. வித்தியாசம் நாலாயிரத்தில் ஒரு பங்கு. அது பொம்மை உலகின் நாலு நாளுக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டித்துக்கொண்டே போய், இரண்டாவது மாதத்தில் எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: நாலாயிரத்தில் ஒன்று முழு அளவை எட்ட 12 இரட்டிப்புகள் வேண்டும், நாலு நாள் வீதம் 48 நாள். சரியாக வருகிறது.

இந்தக் கதையில் வழக்கமாக விட்டுப்போகும் இரண்டு பெயர்கள் உண்டு. லோரன்ஸுக்காக அந்தக் கணினியில் நிரல் எழுதியவர்கள் மார்கரெட் ஹாமில்டனும் அவருக்குப் பின் எல்லன் ஃபெட்டரும். ஹாமில்டன்தான் பிற்பாடு அப்பல்லோ விண்கல மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்.

பட்டாம்பூச்சி எங்கிருந்து வந்தது?

முதலில் வந்தது கடற்புறா. இந்தக் கோட்பாடு சரியென்றால் ஒரு கடற்புறா சிறகடித்தாலே வானிலையின் போக்கு என்றென்றைக்கும் மாறிவிடுமே என்று ஒரு வானிலையாளர் சொன்னதாக 1963-இல் லோரன்ஸ் எழுதினார். 1972 டிசம்பர் 29 அன்று வாஷிங்டனில் ஓர் அறிவியல் மாநாட்டில் அவர் பேச வேண்டியிருந்தது. தலைப்பை அவர் நேரத்தில் கொடுக்காததால், அமர்வை ஏற்பாடு செய்த ஃபிலிப் மெரிலீஸ் தானே ஒன்றை வைத்தார்: பிரேசிலில் ஒரு பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சூறாவளி கிளம்புமா? கேள்விக்குறி அந்தத் தலைப்பிலேயே இருந்தது. ஊர் உலகம் சுற்றும்போது அது எங்கோ உதிர்ந்துவிட்டது.

லோரன்ஸ் வரைந்த படம் விரித்த இரண்டு சிறகு போலவே இருப்பது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயல்தான் பெயரை நிலைக்க வைத்தது என்று நினைக்கிறேன்.

அந்தப் படத்தில் இருப்பது என்ன?

பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தால் கீழே சூடு, மேலே குளிர்ச்சி. பால் சுழல ஆரம்பிக்கும். அந்தச் சுழற்சியை மிக எளிமையாக்கி மூன்றே சமன்பாடுகளில் 1963-இல் லோரன்ஸ் எழுதினார். அவற்றில் வரும் மாறாத மூன்று எண்கள் 10, 28, 8/3. ஒவ்வொரு நொடியின் நிலையையும் ஒரு புள்ளியாக வைத்தால், புள்ளி இடது சிறகில் சில சுற்று, வலது சிறகில் சில சுற்று என்று மாறி மாறிப் போகும். எப்போது எந்தப் பக்கம் தாவும் என்பதில் ஒழுங்கே தெரியாது. ஒரே பாதையில் இரண்டாம் முறை போகவும் போகாது. ஆனாலும் சிறகை விட்டு வெளியேறாது. இப்படிப் பாதைகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும் வடிவத்துக்கு அட்ராக்டர் என்று பெயர்.

சமன்பாடு எல்லாம் வேண்டாம். கால்குலேட்டரில் பார்க்க முடியுமா?

முடியும். இதுதான் நான் சொன்ன 0.3 கணக்கு. பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஓர் எண்ணை எடுங்கள். அதை, ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் வருவதோடு பெருக்குங்கள். விடையை நாலால் பெருக்குங்கள். வந்ததை வைத்து மறுபடி அதையே செய்யுங்கள். அவ்வளவுதான் விதி.

0.3-இல் தொடங்கினால்: 0.3 × 0.7 × 4 = 0.84. அடுத்து 0.84 × 0.16 × 4 = 0.5376. இப்படியே போகட்டும். பக்கத்தில் இன்னொரு வரிசையில் 0.301-ஐ வைத்து ஓட்டுங்கள்.

3-ஆம் படியில்: 0.994, 0.996
6-ஆம் படியில்: 0.321, 0.258
8-ஆம் படியில்: 0.448, 0.719
10-ஆம் படியில்: 0.043, 0.620

ஆயிரத்தில் ஒன்று வித்தியாசத்தில் கிளம்பியவை பத்தே படியில் ஒன்றையொன்று அடையாளம் தெரியாமல் போய்விட்டன. நடுவில் பகடை உருட்டவில்லை, எதையும் மறைக்கவில்லை. எட்டாம் வகுப்புப் பெருக்கல் மட்டும்தான்.

இதே விதியில் 4-க்குப் பதில் 2.5 போட்டால் எங்கே தொடங்கினாலும் விடை 0.6-இல் போய் உட்கார்ந்துவிடும். 3.2 போட்டால் கடைசியில் 0.513, 0.799 என்று இரண்டு எண்களுக்கு நடுவே மாறி மாறிப் போகும். ஏறக்குறைய 3.57-ஐத் தாண்டியபின்தான் கலவரம். பூச்சிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்பதற்கான எளிய மாதிரி இது. ராபர்ட் மே என்ற சூழலியல் அறிஞர் 1976-இல் நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதியபோது, இந்தச் சின்னச் சமன்பாட்டை மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே காட்டிவிட வேண்டும் என்று வற்புறுத்தினார். நம் பாடத்திட்டத்திலும் வந்தால் நன்றாக இருக்கும். கால்குலேட்டரை வைத்துக்கொண்டு பையன்கள் வேறு என்னதான் செய்கிறார்கள்!

வித்தியாசம் ஏன் இப்படி வளர்கிறது?

பரோட்டா மாஸ்டரைப் பாருங்கள். மாவை இழுக்கிறார், மடிக்கிறார், மறுபடி இழுக்கிறார். மாவில் இரண்டு சீரகம் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் கிடக்கின்றன என்று வையுங்கள். ஒவ்வொரு இழுப்பிலும் மாவு இரட்டை நீளமானால் அந்த இடைவெளியும் இரட்டிக்கும். பத்து இழுப்பில் 1024 மில்லிமீட்டர், அதாவது ஒரு மீட்டருக்கு மேல் போக வேண்டும். மாவோ அவ்வளவு நீளம் இல்லை, அவர்தான் மடித்துக்கொண்டே இருக்கிறாரே. ஆகவே இரண்டு சீரகமும் மாவுக்குள்ளேயேதான் இருக்கும், ஆனால் எந்த மடிப்பில் எது என்று சொல்ல முடியாது.

இழுப்பது, மடிப்பது, இரண்டும் வேண்டும். 0.3 கணக்கிலும் இவைதான் நடக்கின்றன. 0.5-க்குக் கீழே உள்ள எண்கள் நீட்டி ஏற்றப்படுகின்றன, 0.5-க்கு மேலே உள்ளவை நீட்டித் தலைகீழாக மடிக்கப்படுகின்றன. கணிதத்தில் இதற்கு ரொட்டிக்காரர் உருமாற்றம் என்றே ஒரு உறவுக்காரர் உண்டு. நம் ஊரில் பிறந்திருந்தால் பரோட்டா உருமாற்றம் ஆகியிருக்கும்.

விதி தெளிவாக இருந்தும் கணிக்க முடியாமல் போகும் இந்த நிலைக்குக் கேயாஸ் என்று பெயர். இழுப்பு மட்டும் இருந்து மடிப்பு இல்லாவிட்டால் அது கேயாஸ் ஆகாது. வட்டிக்கு வட்டி அப்படித்தான். 1000 ரூபாய் போட்டவருக்கும் 1001 ரூபாய் போட்டவருக்கும் நடுவே வித்தியாசம் வளர்ந்துகொண்டே போகும். ஆனாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆயிரத்தில் ஒரு பங்காகவே இருக்கும். முப்பது வருடம் கழித்து யாரிடம் எவ்வளவு இருக்கும் என்று இன்றைக்கே எழுதிக் கொடுக்கலாம்.

‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்பதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம்தான் எனக்கு அதிகம் வருகிறது.

சிறு துளி பெரு வெள்ளம் என்பது சேர்மானம். துளிகள் சேரச் சேர நீர் கூடும், எவ்வளவு கூடும் என்று முன்கூட்டியே சொல்லலாம். எறும்பு ஊரக் கல் தேய்வதும் அப்படியே. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், வரும் ஏவுகணையை வானிலேயே அடித்து வீழ்த்த வேண்டிய ஒரு பேட்ரியட் ஏவுகணைத் தளம், ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். காரணம், பத்தில் ஒரு நொடி என்ற அளவை இரும எண்ணில் முழுதாக எழுத முடியாமல் வெட்டியது. அந்தத் துண்டுப் பிழை 100 மணி நேரம் சேர்ந்து ஏறக்குறைய 0.34 நொடி ஆகியிருந்தது. பயங்கரமான விபத்து, ஆனால் பட்டாம்பூச்சி விளைவு இல்லை. பிழை நேர்கோட்டில் வளர்ந்தது. 50 மணி நேரத்தில் அதில் பாதி. அவ்வப்போது கணினியை அணைத்துப் போட்டிருந்தாலே தீர்ந்திருக்கும்.

தேர்வில் 34-க்கும் 35-க்கும் நடுவே ஒரு மதிப்பெண்தான், ஆனால் பலன் தலைகீழ். இதுவும் வேறு சங்கதி. இங்கே ஒரு கோடு இருக்கிறது. கோட்டின் ஓரத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் ஆபத்து. 72 வாங்கியவருக்கு ஒரு மதிப்பெண் போனாலும் கவலையில்லை. 0.3 கணக்கில் அப்படி ஓரமும் நடுவும் கிடையாது. எங்கே நின்றாலும் ஓரத்தில்தான் நிற்கிறீர்கள்.

அச்சாணி கழன்றால் தேர் சாய்வதும் இதில் சேராது. அச்சாணி கழன்றால் சாயும் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். என்ன ஆகும் என்று தெரியாமல் போவதுதான் நம் விஷயம்.

வீட்டில் பார்க்கக்கூடிய உதாரணம்?

கேரம் போர்டு. 30 செ.மீ. தள்ளி இருக்கும் காயை அடிக்கிறீர்கள். ஸ்ட்ரைக்கர் கிளம்பும் கோணத்தில் ஒரு சின்னப் பிசகு இருந்தால், அடிபட்ட காய் போகும் கோணத்தில் அது எட்டுப் பத்து மடங்காகும். காயின் விட்டம் மூன்று செ.மீ. சொச்சம்தான், தூரத்தை அதனால் வகுத்துப் பார்த்தால் இந்த எண் வரும். அந்தக் காய் அதே தூரத்தில் இன்னொன்றை அடித்தால் மறுபடி பத்து. மூன்றாவது மோதலில் ஆயிரம் மடங்கு: ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குப் பிசகு பத்து டிகிரியாகிவிடும். நேரே போட்டால் நன்றாக ஆடுகிற ஆள்கூட ‘டபுள் கட்’ அடித்து விழுந்தால் அதிர்ஷ்டம் என்று சிரிப்பது இதனால்தான்.

நல்லவேளை உராய்வு இருக்கிறது. நாலைந்து மோதலுக்குள் காய் நின்றுவிடுகிறது. உராய்வே இல்லாத பலகையில் கேரம் ஆடவே முடியாது.

லோரன்ஸுக்கு முன் யாருக்கும் தெரியாதா?

தெரியும். சுவீடன், நார்வே மன்னர் இரண்டாம் ஆஸ்கரின் 60-ஆவது பிறந்தநாளை ஒட்டி 1889-இல் ஒரு கணிதப் பரிசு கொடுக்கப்பட்டது. மூன்று கோள்கள் ஒன்றையொன்று ஈர்த்தால் எப்படிச் சுற்றும் என்ற சிக்கலை எடுத்து ஆராய்ந்து அதை வென்றவர் பிரான்சின் ஹென்றி புவாங்காரே. கட்டுரை அச்சாகும் வேளையில் ஃபிராக்மென் என்ற இளம் கணிதர் சில இடங்களில் சந்தேகம் கேட்டார். பதில் எழுத உட்கார்ந்த புவாங்காரேவுக்கு, கட்டுரையின் அடிப்படையிலேயே ஒரு பெரிய தவறு இருப்பது தெரிந்தது. அச்சான பிரதிகளைத் திரும்பப் பெற்று, மறு அச்சுக்கு அவரே பணம் கட்டினார். பரிசு 2,500 கிரௌன். அவர் கட்டியது 3,585.

ஆனால் திருத்தி எழுதிய அந்தக் கட்டுரையில்தான் இன்று கேயாஸ் என்கிறோமே, அது முதன்முதலில் தலை காட்டியது. தொடக்கத்தில் உள்ள சிறு வேறுபாடு முடிவில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கலாம், அப்போது முன்கணிப்பு முடியாமல் போகும் என்று 1908-இல் அவர் வெளிப்படையாக எழுதினார். கணினி இல்லாததால் அந்தப் பாதைகளை வரைந்து பார்க்க அவரால் முடியவில்லை. அரை நூற்றாண்டு அது அப்படியே கிடந்தது.

கருவிகளை மேம்படுத்தினால் பிரச்சினை தீருமே?

கொஞ்சம் தீரும். எவ்வளவு என்பதில்தான் வயிற்றெரிச்சல்.

0.3 கணக்கில் பிழை ஒவ்வொரு படிக்கும் சராசரியாக இரட்டிக்கிறது. தொடக்கப் பிழை ஆயிரத்தில் ஒன்று என்றால் பத்துப் படி தாங்கும். பத்து லட்சத்தில் ஒன்று என்று ஆயிரம் மடங்கு நுட்பமாக்கினால்? பத்தாயிரம் படி இல்லை, இருபது படி. இன்னும் ஆயிரம் மடங்கு நுட்பமாக்கினால் முப்பது. செலவு பெருக்கலில் ஏறுகிறது, வரவு கூட்டலில் வருகிறது. பள்ளியில் மடக்கை எதற்கு என்று கேட்டிருப்போம், இதற்குத்தான்.

வானிலையில் நிலைமை இதைவிட மோசமாக இருக்கலாம் என்று 1969-இல் லோரன்ஸே காட்டினார். 0.3 கணக்கில் நுட்பத்தைக் கூட்டக் கூட்ட ஒவ்வொரு முறையும் அதே பத்துப் படியாவது கிடைத்தது. வளிமண்டலத்தில் சின்னச் சுழல்கள் பெரிய சுழல்களைவிட வேகமாகப் பிழையை வளர்க்கின்றன. பெரிய காற்றழுத்தத் தாழ்வில் பிழை பெருக நாட்கள் ஆகும். சில கிலோமீட்டர் அகல மேகத்தில் ஒரு மணி நேரமே அதிகம். ஆகவே இன்னும் நுணுக்கமாக அளக்க அளக்கக் கிடைக்கும் கூடுதல் நேரம் சுருங்கிக்கொண்டே போகும். விளக்கத்துக்காக எண்களைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம்: முதல் முயற்சியில் 8 நாள், அடுத்ததில் 4, பிறகு 2, 1, அரை. எத்தனை தடவை கூட்டினாலும் 16 நாளைத் தாண்டாது. உண்மையான வளிமண்டலத்தில் இந்த எல்லை ஏறக்குறைய இரண்டு வாரம் என்பதே பொதுவான மதிப்பீடு. பட்டாம்பூச்சி விளைவு என்ற பெயருக்கு உண்மையில் உரியது இந்த 1969 கருத்துதான் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

கிரகணத்தை நூறு வருடம் முன்பே நிமிடம் தவறாமல் சொல்கிறார்கள். நாளை மறுநாள் மழையைச் சொல்லத் தடுமாறுகிறார்களே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பெரும்பாலும் கிண்டலாகத்தான் கேட்கப்படும்.

2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சர் அருகே முழு சூரிய கிரகணம் ஆறு நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் என்று இன்றே சொல்லலாம். காரணம், கோள்கள் ஒழுங்கானவை என்பதில்லை. அவற்றின் கடிகாரம் மெதுவானது. ஜாக் லாஸ்கர் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1989-இல் சூரியனுக்கு அருகிலுள்ள கோள்களின் பாதைகளும் கேயாஸ் வகைதான் என்று காட்டினார். பிழை ஒரு கோடி ஆண்டுக்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. இன்று பூமியின் இடத்தை 15 மீட்டர் தவறாகக் கணித்தால், ஒரு கோடி ஆண்டு கழித்து 150 மீட்டர் தவறு. பத்துக் கோடி ஆண்டு கழித்து 15 கோடி கிலோமீட்டர் தவறு. அது பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரம். அதாவது பூமி தன் பாதையில் எங்கே இருக்கும் என்று ஒன்றுமே சொல்ல முடியாது.

2009-இல் லாஸ்கரும் கஸ்டினோவும் புதன் கோளின் தொடக்க நிலையை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மாற்றி மாற்றி 500 கோடி ஆண்டுக்கு 2,501 முறை ஓட்டிப் பார்த்தார்கள். நூற்றில் ஒரு பங்கு ஓட்டங்களில் புதனின் பாதை பெரிதாக நீண்டுவிட்டது. அவற்றில் சிலவற்றில் கோள்கள் மோதிக்கொள்ளும் அளவுக்குப் போனது.

ஒவ்வோர் அமைப்புக்கும் இப்படி ஒரு கெடு உண்டு. கெடுவுக்குள் கேட்டால் நிமிடக் கணக்கில் பதில். கெடு தாண்டிக் கேட்டால் கையை விரிப்பது. வானிலைக்குக் கெடு நாட்களில், கோள்களுக்குக் கோடி ஆண்டுகளில். பஞ்சாங்கம் கெடுவுக்குள் கேட்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு வாரம்தான் எல்லை என்றால், பருவமழையை ஏப்ரலிலேயே அறிவிப்பது எப்படி? 2100-இல் வெப்பம் கூடும் என்பது எப்படி?

0.3 கணக்குக்குத் திரும்புவோம். 0.3, 0.301 இரண்டையும் பல்லாயிரம் படி ஓட்டி, விடை எத்தனை முறை 0.25-க்குக் கீழே வந்தது என்று எண்ணுங்கள். இரண்டிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 0.75-க்கு மேலே எத்தனை முறை? அதுவும் மூன்றில் ஒரு பங்கு. எந்தப் படியில் எந்த எண் என்பது கலைந்தாலும் மொத்தப் பங்கீடு கலையவில்லை. இப்போது 4-ஐ 3.9 ஆக்குங்கள். அடுத்த விடைகள் 0.975-ஐத் தாண்டவே தாண்டாது. பங்கீடே மாறிவிட்டது, அதை ஓட்டிப் பார்க்காமலே சொல்லலாம். வானிலை என்பது இன்றைய எண். காலநிலை என்பது பங்கீடு. காற்றில் கரியமில வாயுவைக் கூட்டுவது அந்த 4-இல் கை வைப்பது.

பருவமழைக்கு இன்னொரு பிடி உண்டு. வெப்பமண்டலத்தில் மழையின் பருவ சராசரியைக் கடல் மேற்பரப்பின் வெப்பம் போன்ற மெதுவாக மாறும் விஷயங்கள் பெருமளவு கட்டுப்படுத்துகின்றன என்று ஜூல் சார்னியும் ஜகதீஷ் சுக்லாவும் 1981-இல் எழுதினார்கள். பசிபிக் கடலின் மேற்பரப்பு வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ மாதக்கணக்கில் நீடிக்கும். அதைப் பிடித்துக்கொண்டு பருவம் முழுவதற்கும் ஒரு சாய்வைச் சொல்லலாம். அதனால்தான் அறிவிப்பு ‘நீண்டகாலச் சராசரியில் இத்தனை சதவீதம்’ என்று வருகிறது. ‘ஆகஸ்ட் 14 மதியம் மதுரையில் மழை’ என்று வருவதில்லை. அப்படி யாராவது ஏப்ரலில் சொன்னால் அவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

எதிர்முனையில், 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் சில மணி நேரத்தில் கொட்டிய மழை போன்றவை மிகச் சின்ன அளவில் உருவாகுபவை. அவற்றின் கெடு மணிக்கணக்கில்தான்.

வானிலை மையங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன?

ஒரு தடவை ஓட்டாமல் பல தடவை ஓட்டுகின்றன. ஐரோப்பிய நடுத்தரக்கால வானிலை மையமும் அமெரிக்க மையமும் 1992-இல் இதை அன்றாட வழக்கமாக்கின. இன்றைய நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஐரோப்பிய மையம் 50 ஓட்டம் ஓட்டுகிறது, மாற்றாத ஒன்று தனி. புயல் படங்களில் நூல்கண்டு அவிழ்ந்தது மாதிரி பல பாதைகள் போட்டிருப்பார்களே, அது இதுதான். நூல்கள் ஒட்டிப் போனால் நம்பலாம். விசிறி போல விரிந்தால், ஒருவன் சென்னை என்கிறான் ஒருவன் மசூலிப்பட்டினம் என்கிறான் என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அந்த விரிவே செய்தி. லோரன்ஸின் காபி நேர விபத்தை இவர்கள் தினமும் 50 முறை வேண்டுமென்றே செய்கிறார்கள்.

கணினியே பிழை செய்யும் என்றால், அது வரைந்த லோரன்ஸ் படத்தை எப்படி நம்புவது?

நியாயமான சந்தேகம். நீங்கள் கொடுத்த தொடக்கத்திலிருந்து கிளம்பும் உண்மையான பாதை கணினி காட்டும் பாதை இல்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி வேறொரு இடத்திலிருந்து கிளம்பும் உண்மையான பாதை ஒன்று, கணினிப் பாதையை நிழல் போல ஒட்டிக்கொண்டே வரும் என்று பல அமைப்புகளில் நிறுவ முடியும். ஆள் மாறிவிட்டார், ஆனால் ஊர் அதேதான். லோரன்ஸின் மூன்று சமன்பாடுகளுக்கு இந்த விசித்திர அட்ராக்டர் மெய்யாகவே உண்டு என்று கணிதர் வார்விக் டக்கர் நிறுவியது 1999-இல்தான். 36 வருடம் எல்லோரும் படத்தை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

காலம் நகராத கணக்குகளிலும் இப்படி உண்டா?

உண்டு. 1, 2, 3 என்று 20 வரை மூலங்கள் கொண்ட பல்லுறுப்புக் கோவையை விரித்து எழுதினால், 19-ஆம் அடுக்கின் கெழு −210. அதை −210.0000001192 என்று மாற்றினார் ஜேம்ஸ் வில்கின்சன் என்ற கணிதர். சின்ன மூலங்கள் அசையவில்லை. 20 மூலங்களில் பத்து, மெய்யெண்களாகவே இல்லாமல் ஐந்து கலப்பெண் ஜோடிகளாகிவிட்டன. இதற்கும் கேயாஸுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை; கணக்கு கேட்கப்பட்ட விதத்தில் உள்ள கோளாறு. கெழுக்களை வைத்து மூலம் தேடுவது சில சமயம் எவ்வளவு மோசமான வழி என்பதற்கு உதாரணமாகக் காட்டுவார்கள்.

இதனால் உபயோகம் ஏதாவது?

சின்னத் தள்ளலில் பெரிய மாற்றம் வரும் என்றால், எரிபொருள் குறைவாக உள்ளவருக்கு அது வரம். ஜப்பானின் ஹிட்டன் விண்கலம் நிலவைச் சுற்றப் போதுமான எரிபொருள் இல்லாமல் இருந்தது. பூமி, சூரியன், நிலவு மூன்றின் ஈர்ப்பும் இழுபறியில் இருக்கும் பகுதிகள் வழியாக எட்வர்ட் பெல்புரூனோ வகுத்த சுற்றுப் பாதையில் அனுப்பி, 1991 அக்டோபரில் நிலவை எட்ட வைத்தார்கள். மாதக்கணக்கில் ஆனது, ஆனால் போய்ச் சேர்ந்தது.

‘அன்றைக்கு அந்தப் பஸ்ஸை விட்டதால்தான் என் வாழ்க்கையே மாறியது’ என்பது?

இருக்கலாம். பஸ்ஸைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஓட்டிப் பார்க்க இரண்டாவது வரிசை இல்லையே. சினிமாவில் அந்த வரிசையையும் காட்டிவிடுவார்கள், அதனால்தான் அங்கே மட்டும் இது தெளிவாக இருக்கிறது.

நானே செய்து பார்க்க ஒரு சோதனை சொல்லுங்கள்.

எக்செல் போன்ற விரிதாளைத் திறந்து இரண்டு நெடுவரிசைகளிலும் 0.3 என்றே தொடங்குங்கள். கவனியுங்கள், 0.301 வேண்டாம், இரண்டும் 0.3. முதல் நெடுவரிசையில் சூத்திரத்தை ‘எண்ணின் நாலு மடங்கு, பெருக்கல், ஒன்றிலிருந்து எண் போக மீதி’ என்று கொடுங்கள். இரண்டாவதில் அடைப்புக்குறியை விரித்து, ‘எண்ணின் நாலு மடங்கு, கழித்தல், எண்ணின் வர்க்கத்தின் நாலு மடங்கு’ என்று கொடுங்கள். இயற்கணிதப்படி இரண்டும் ஒன்றே. கீழே இழுத்து நூறு வரி நிரப்புங்கள். அறுபதாவது வரிக்குள் இரண்டு நெடுவரிசைகளும் தனித்தனி வழியில் போயிருக்கும். விரிதாள் ஏறக்குறைய 16 இலக்கத்தோடு நிறுத்தி முழுமையாக்குகிறது. இரண்டு சூத்திரத்திலும் அது வெவ்வேறு இடத்தில் நடக்கிறது.

அப்போது எது சரி என்று கேட்பீர்கள். இரண்டுமே தவறு. ஓர் இலக்கமும் விடாமல் எழுதினால் 0.84-க்கு இரண்டு தசம இலக்கம், 0.5376-க்கு நாலு, அடுத்ததற்கு எட்டு. 30-ஆவது படியில் 107 கோடிக்கும் மேல். அவ்வளவும் தேவையில்லை. 60-ஆவது படியின் முதல் சில இலக்கங்கள் சரியாக வர, 30 இலக்கத் துல்லியத்தில் ஓட்டினால் போதும். பைத்தான் என்ற நிரல்மொழியில் அதற்கு வசதி உண்டு. 100-ஆவது படி வேண்டுமென்றால் 40 இலக்கம் வையுங்கள்.